உக்ரைன் நடன இசையும் ஸ்லோவாக் நடன இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூடியூபில் உக்ரைனின் புகழ்பெற்ற நடனமான ஹொபாக் ஒன்றைப் பார்த்தால் போதும், அடுத்து வரிசையாக ஸ்லோவாக்கியக் காணொளிகள் வர ஆரம்பிக்கும். பூப்போட்ட சட்டை, உட்கார்ந்து எழும் ஆட்டம், பறக்கும் வில்லோடு வயலின் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

ரெண்டும் ஒன்றுதானா?

இல்லை. ஆனால் வித்தியாசம் இருக்கும் இடம் பலரும் நினைக்கும் இடம் அல்ல. இரண்டு நாட்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் குறைவான எல்லைதான் உண்டு. அந்த எல்லைக்கோட்டில் இசை மாறுவதில்லை. கார்பேத்திய மலைமேல் வாழும் உக்ரைன்காரரும் ஸ்லோவாக்கியரும் வாசிப்பது ஒன்றுக்கொன்று நெருக்கம். மலையைவிட்டு இறங்கிய பிறகுதான் இரண்டும் பிரிகின்றன. உக்ரைன் பக்கம் இறங்கினால் கொசாக்கியர் என்ற குதிரைவீரர்களின் புல்வெளி, ஸ்லோவாக் பக்கம் இறங்கினால் ஹங்கேரியச் சமவெளி. என்னைக் கேட்டால், "உக்ரைனா ஸ்லோவாக்கா" என்பதைவிட "மலையா சமவெளியா" என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தோல்கருவி இருக்கிறதா என்று கவனியுங்கள். உக்ரைனின் பாரம்பரிய நடனக் குழுவுக்கு 'ட்ரோயிஸ்தா முசிகா' என்று பெயர், அதாவது மூவர் குழு. வயலின், கூடவே சிம்பலி அல்லது பசோல்யா, அப்புறம் பூபொன். சிம்பலி என்பது சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் தந்திக்கருவி, நம்மூர் கச்சேரிகளில் சந்தூர் கேட்டவர்களுக்கு உடனே பிடிபடும். பசோல்யா செல்லோ அளவிலான நாட்டுப்புறத் தந்திக்கருவி. பூபொன் என்பது முழவு. ஹுட்சூல் என்ற உக்ரைன் மலைமக்கள் வாழும் பகுதியில் பூபொனின் மேலே ஒரு வெண்கலத் தட்டையும் பொருத்தி, ஒரு கையால் தோலையும் மறுகையால் தட்டையும் அடிப்பார்கள். 'டும் சிங் டும் சிங்' என்று அது கேட்டால் உக்ரைன் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஸ்லோவாக்கியத் தந்திக் குழுவில் பெரும்பாலும் முழவே கிடையாது. தாளத்தைத் தூக்கிப் பிடிப்பவர்கள் வயோலாக்காரரும் பாஸ் வாசிப்பவரும்தான். மெட்டை வாசிக்கும் முதல் வயலின்காரருக்கு 'பிரிமாஷ்' என்றும், தாளத்துக்குச் சுரக்கூட்டு போடும் வயோலாக்காரருக்கு 'கொன்த்ராஷ்' என்றும் பெயர். கொன்த்ராஷ் இரண்டு மூன்று தந்திகளை ஒரே வில்லில் சேர்த்து இழுப்பார். வேகமான ஆட்டத்தில் பாஸ் 'உம்' என்று அடியில் விழ, வயோலா 'தா' என்று எதிரடியில் விழும். நடு வேகத்தில் வேறொரு முறை வரும். வில்லை மாற்றாமல் ஒரே இழுப்பில் இரண்டு அடி, இரண்டாவது அடியில் ஓர் அழுத்தம். இதற்கு 'துவாய்' என்பார்கள். ஹங்கேரியர்களிடமும் ருமேனியாவின் டிரான்சில்வேனியாவிலும் இதே முறைதான். கேட்கும்போது யாரோ மூச்சுவிடுவது மாதிரி இசை விம்மி அடங்கும். அந்த விம்மல் வந்தால் நீங்கள் ஸ்லோவாக்கியாவிலோ அதற்குத் தெற்கிலோ இருக்கிறீர்கள்.

எந்தெந்த நடனம் எந்த நாட்டினுடையது?

உக்ரைன் என்றால் ஹொபாக், கொசச்சோக், மெத்தெலித்ஸ்யா, கொலோமிய்கா, ஹுட்சூல்கா, ஆர்கான். ஸ்லோவாக் என்றால் சார்தாஷ், ஒத்ஸெமொக், வெர்புங்க், கரிச்கா. போல்கா இரண்டு பேரிடமும் உண்டு. அது 1830-களில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டில்) கிளம்பி ஐரோப்பா முழுக்கப் பரவிய ஆட்டம், இவர்களில் யாருக்கும் சொந்தம் இல்லை.

ஹொபாக்கும் ஒத்ஸெமொக்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே?

இரண்டிலும் ஆண்கள் குதிக்கிறார்கள், குத்தவைத்து எழுகிறார்கள். இரண்டும் இரண்டெண்ணிக்கைத் தாளம். ஆனால் பின்னணி வேறு. ஹொபாக் கொசாக்கியப் போர்வீரர்களோடு சேர்த்துப் பேசப்படுவது. இன்று மேடையில் பார்க்கும் ஹொபாக் ஒரு பெருங்கூட்டத்தின் ஆட்டம்: பெண்கள் பூமாலையும் நாடாவும் கட்டிச் சுழல, ஆண்கள் ஒவ்வொருவராக நடுவே வந்து வித்தை காட்டிப் போவார்கள். இசையும் அதற்கேற்ப ஒவ்வொருவரின் வித்தைக்கும் மெட்டை மாற்றி வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். அதன் தங்கை என்று சொல்லத்தக்க கொசச்சோக் பெரும்பாலும் மைனர் (சோகம் தொனிக்கும் மேற்கத்திய சுரவரிசை) சாயலில் இருக்கும்.

ஒத்ஸெமொக் ஆட்டிடையன் தனியாக ஆடுவது. கையில் 'வலாஷ்கா' என்ற நீண்ட பிடிபோட்ட சிறு கோடரி இருக்கும். அதைக் கால்களுக்கு அடியில் கடத்துவான், சுழற்றி எறிந்து பிடிப்பான், அதன்மேல் தாண்டுவான். ஸ்லோவாக்கியர்களின் கொள்ளைக்கார நாயகன் யூராய் யானோஷிக் (1688–1713) தூக்கில் போடப்படும் முன் தூக்குமரத்தைச் சுற்றி ஒத்ஸெமொக் ஆடினான் என்று மக்கள் கதை சொல்வார்கள். வரலாறு அல்ல, கதைதான். ஆனால் ஒரு நாட்டுக்கு எந்த ஆட்டம் மானப்பிரச்சினை என்பதை அந்தக் கதை காட்டிவிடுகிறது.

சரி, அதே கோடரியை ஹுட்சூல்காரர்களும் வைத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் 'பார்த்கா'. ஆர்கான் என்ற ஆண்கள் வட்ட ஆட்டத்தில் அது வரும். அவர்களுக்கும் ஒரு கொள்ளைக்கார நாயகன் உண்டு: 1745-இல் கொல்லப்பட்ட ஒலெக்சா தோவ்புஷ். மலை ஒன்று, கோடரி ஒன்று, கொள்ளைக்காரனைக் கொண்டாடும் மனசும் ஒன்று. அதனால்தான் ஒத்ஸெமொக்குக்கு உண்மையான உறவு ஹொபாக் அல்ல, ஆர்கான் என்று சொல்வேன்.

மலை இசை மட்டும் ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது?

ஆடுகள்தான் காரணம். 14-ஆம் நூற்றாண்டு முதல் 17 வரை, 'வலாக்' இடையர்கள் ருமேனியப் பக்கத்திலிருந்து கார்பேத்திய மலை முகட்டை ஒட்டியே மேற்கு நோக்கி மந்தைகளோடு நகர்ந்தார்கள். இன்றைய உக்ரைன், போலந்து, ஸ்லோவாக்கியா, செக் நாட்டின் மொராவியா வரை அவர்கள் பழக்கவழக்கம் பரவியது. போன இடத்து மொழியைப் பேசத் தொடங்கினாலும் கருவிகளையும் சுரங்களையும் விடவில்லை.

ஒரே ஒரு கருவியைப் பாருங்கள். ஸ்லோவாக்கியாவில் 'கொன்த்சொவ்கா', உக்ரைனில் 'தெலென்கா', ருமேனியாவில் 'திலின்கா'. விரல் துளையே இல்லாத நீண்ட குழல். அடிமுனையை விரலால் மூடியும் திறந்தும், ஊதும் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே சுரம் வரவழைக்க வேண்டும். அப்படி வரும் சுரங்கள் யாரும் தேர்ந்தெடுத்தவை அல்ல, குழலின் இயற்கையான மேற்சுரங்கள். அந்த வரிசையில் மத்யமம் சற்று ஏறியும் நிஷாதம் சற்று இறங்கியும் நிற்கும். இதைக் கேட்டே வளர்ந்த காது, பாட்டிலும் வயலினிலும் அதையே எதிர்பார்க்கிறது. மலை முழுக்க ஏறிய மத்யமம் ஒலிப்பதற்கு இந்தக் குழலையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுங்களேன்?

சந்தோஷமாக. சுர வரிசையை மட்டும் வைத்துச் சொல்கிறேன், கமகம், சஞ்சாரம் எதையும் தேடாதீர்கள்.

ஹுட்சூல் இசையில் அடிக்கடி வரும் வரிசை: சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். அப்படியே 58-ஆவது மேளம் ஹேமவதி. மேற்கத்திய இசை நூல்களில் இதற்கு 'உக்ரைன் டோரியன்' என்றே ஒரு பெயர் உண்டு. காந்தாரத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே விழும் அந்த அகலமான தாவல்தான் ஹுட்சூல் மெட்டுகளுக்குக் கொஞ்சம் சோகமும் கொஞ்சம் காரமும் தருவது. இதே வரிசை கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் இசையிலும் வரும். ஹுட்சூல் பகுதியிலும் மேற்கு உக்ரைனை உள்ளடக்கிய கலீசியாவிலும் யூத இசைக்காரர்களும் உக்ரைன் இசைக்காரர்களும் பல தலைமுறை ஒரே சந்தை ஊர்களில் வாசித்தவர்கள், யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று பிரிப்பது வீண் வேலை.

ஸ்லோவாக்கிய மலை மெட்டுகளில் காந்தாரம் பெரும்பாலும் அந்தரமாகத்தான் இருக்கும். கல்யாணி, ஹரிகாம்போஜி வரிசைகள் சகஜம். இரண்டும் கலந்து பிரதி மத்யமமும் கைசிகி நிஷாதமும் சேர்ந்து வந்தால் வாசஸ்பதி. ஆக ஒரே மலையில் கிழக்கே ஹேமவதி, மேற்கே வாசஸ்பதி. இரண்டுக்கும் காந்தாரம் ஒன்றுதான் வேறுபாடு என்பதை மேளகர்த்தா தெரிந்தவர்கள் கவனித்திருப்பீர்கள்.

கொலோமிய்கா என்றால் என்ன? ஏன் அதைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள்?

மேற்கு உக்ரைனில் கொலோமியா என்று ஓர் ஊர். அதன் பெயரில் வந்தது இந்தப் பாட்டும் ஆட்டமும். இரண்டடிப் பாட்டு, ஒவ்வோர் அடியிலும் 14 அசைகள், 4+4+6 என்று பிரியும். முதல் 12 அசையும் ஓட்டமாக ஓடும், கடைசி இரண்டு மட்டும் இருமடங்கு நீளும். தமிழில் அந்த எண்ணிக்கையை நான் இட்டுக்கட்டிக் காட்டுகிறேன்:

மலை மேலே / மழையாச்சு / மாடு இன்னும் காணோம்
மச்சான் வந்து / கூப்பிட்டாலும் / ஆட நேரமில்லை

கையைத் தட்டி வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'காணோம்' வந்ததும் வாய் தானாக இழுத்து நிற்கும். அங்கேதான் ஆடுபவரின் கால் ஓங்கி மிதிக்கும். இந்த அளவுக்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம்: காதல், கிண்டல், மாமியார், வரி வசூலிக்க வந்த அதிகாரி. ஆடிக்கொண்டிருக்கும்போதே புதிது கட்டிப் பக்கத்து ஆளைச் சீண்டுவது வழக்கம்.

இதைப் பற்றி உலகம் பேசக் காரணம் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக். 1906 முதல் சுமார் பன்னிரண்டு ஆண்டு, அன்றைய ஹங்கேரி அரசுக்குள் இருந்த ஸ்லோவாக் ஊர்களில் மெழுகு உருளைப் பதிவுக் கருவியோடு சுற்றி மூவாயிரத்துக்கு மேல் மெட்டுகளைத் திரட்டினார். உக்ரைனிய மொழி பேசும் ருத்தேனிய (கீழே வரும் ருசின்) ஊர்களுக்கும் போனார். ஹங்கேரியப் பன்றிமேய்ப்பர் பாட்டுகளின் தாளம் கொலோமிய்காவிலிருந்து வந்தது என்றும், அந்த வழியில் அது வெர்புங்க் என்ற படைக்கு ஆள் சேர்க்கும் ஆட்டத்தின் இசைக்கும் போய்ச் சேர்ந்தது என்றும் அவர் வாதிட்டார். அவர் 1931-இல் எழுதிய 44 வயலின் ஜோடி இசைத்துண்டுகளில் ஸ்லோவாக் மெட்டும் உண்டு, ருத்தேனியக் கொலோமிய்காவும் உண்டு. வயலின் கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சார்தாஷ் ஹங்கேரிய நடனம் அல்லவா? அதை ஸ்லோவாக் என்று எப்படிச் சொல்வது?

பிறந்தது 19-ஆம் நூற்றாண்டு ஹங்கேரியில்தான், மறுப்பே இல்லை. ஆனால் 1918 வரை ஸ்லோவாக்கியர்கள் ஹங்கேரிய முடியாட்சிக்குள் இருந்தவர்கள், அதுவும் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. ஒரே படையில் சேர்க்கப்பட்டார்கள், ஒரே சந்தைக்குப் போனார்கள், ஒரே ரோமா (ஜிப்ஸி) இசைக்குழுவைக் கல்யாணத்துக்கு அழைத்தார்கள். வெர்புங்க் என்பதே படைக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் ஊர் நடுவே போட்ட ஆட்டம். இதெல்லாம் ஊறி ஸ்லோவாக்கியருடையதாகவே ஆகிவிட்டது.

சார்தாஷ் ஜோடி ஆட்டம். ஆண் பெண்ணின் இடுப்பில் அல்லது முதுகில் கைவைக்க, பெண் அவன் தோளில் கைவைக்க, நிதானமாகத் தொடங்கும். இசை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி 'ஃபிரிஷ்கா' என்ற வேகப் பகுதிக்குள் நுழைந்ததும் ஒரே சுழற்சிதான். கொலோமிய்கா எடுத்த எடுப்பிலேயே வேகம்; சார்தாஷ் காத்திருக்க வைக்கும். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சுழலும் விதம் மாறும் என்பதும், தங்கள் ஊர்ச் சுழற்சிதான் சரி என்று எல்லோரும் சொல்வார்கள் என்பதும் சொல்லாமலே புரியும்.

ரோமா இசைக்காரர்களின் பங்கு என்ன?

ஸ்லோவாக்கியாவில் மிகப் பெரியது. 18-ஆம் நூற்றாண்டில் கெமெர் பகுதியில் பன்னா சின்கா என்ற ரோமாப் பெண் தனிக் குழு நடத்தி வயலின் வாசித்துப் பேர் வாங்கினார், 1772-இல் இறந்தார். அன்றிலிருந்து இன்றுவரை பல ஊர்களில் பிரிமாஷ் என்றால் ரோமா குடும்பத்து ஆள்தான். பரம்பரைத் தொழில், தகப்பன் வயலின், பிள்ளை வயோலா, சித்தப்பா பாஸ். கல்யாண வீட்டில் மேளக்காரரை எவ்வளவு மதிப்பார்கள், எவ்வளவு தள்ளி வைப்பார்கள் என்பது தெரிந்த நமக்கு அவர்கள் நிலை விளக்க வேண்டியதில்லை.

உக்ரைனில் ரோமா குழுக்கள் ஸ்லோவாக்கியாவை ஒட்டிய ஸகர்பாத்தியாவில் அதிகம். மற்ற இடங்களில் ஊர்க்காரர்களே வாசித்தார்கள்.

சிம்பலியும் சிம்பாலும் ஒரே கருவியா?

குடும்பம் ஒன்று, உடம்பு வேறு. ஹுட்சூல் சிம்பலி சிறியது. வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே வாசிக்கலாம், கல்யாண ஊர்வலத்தோடு மலையேறலாம். ஸ்லோவாக்கியக் குழுக்களில் இன்று பார்ப்பது நான்கு காலில் நிற்கும் பெரிய சிம்பால். 1874 வாக்கில் புடாபெஸ்டில் யோஷெஃப் ஷுண்டா என்ற கருவி செய்பவர் காலால் மிதிக்கும் ஒலியடக்கியோடு உருவாக்கிய வடிவம் அது. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

த்ரெம்பித்தாவும் ஃபுயாராவும் நடனத்துக்கு வாசிப்பார்களா?

இல்லை, சுற்றுலா விளம்பரங்கள் ஏற்படுத்திய குழப்பம் இது. த்ரெம்பித்தா சுமார் மூன்று மீட்டர் நீள மர ஊதுகொம்பு. மந்தைக்குச் செய்தி சொல்ல, சாவு அறிவிக்க, கிறிஸ்துமஸ் பாடலுக்கு. ஃபுயாரா கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் வரை போகும் மூன்று துளைக் குழல். இடையன் தனியாக உட்கார்ந்து வாசிப்பது. 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது.

பாட்டு வரிகளால் தாளம் மாறுமா?

மாறும், இது பலர் கவனிக்காத விஷயம். ஸ்லோவாக் மொழியில் நம்மைப்போலக் குறில் நெடில் உண்டு, அழுத்தம் எப்போதும் முதல் அசையில். அதனால் மெட்டு தாளத்தின் முதல் அடியிலேயே 'டக்' என்று ஆரம்பிக்கும். உக்ரைனியத்தில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, அழுத்தம் எந்த அசையிலும் விழலாம். அதனால் சொல்லைத் தாளத்துக்கு ஏற்றபடி வளைக்க இடம் அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், கிழக்கு ஸ்லோவாக்கியாவின் வட்டார வழக்குகளில் நெடிலே இல்லை, அழுத்தமும் கடைசிக்கு முந்தைய அசைக்கு நகர்ந்துவிடும். ஷாரிஷ், ஸெம்ப்ளீன் பகுதிப் பாட்டுகள் தலைநகர் பிராத்திஸ்லாவாக்காரர்களுக்கே கொஞ்சம் 'கிழக்குத்தனமாக'க் கேட்பது இதனால்தான். பெண்கள் கைகோத்து வட்டமாகப் பாடி ஆடும் கரிச்காவும் இந்தப் பகுதியுடையதுதான்.

ருசின் மக்கள் யார்? அவர்கள் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும். கார்பேத்தியச் சரிவுகளில் வாழும் கிழக்கு ஸ்லாவியர்கள். இன்றைய உக்ரைனின் ஸகர்பாத்தியாவும் ஸ்லோவாக்கியாவும் இரண்டு உலகப்போருக்கு இடையில் ஒரே செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் இருந்தன. 1945-இல் ஸகர்பாத்தியா சோவியத்துக்குப் போனது. ஸ்லோவாக்கியாவில் மிஞ்சிய ருசின்களைக் கம்யூனிச அரசு 'உக்ரைனியர்' என்றே பதிவு செய்தது. 1989-க்குப் பிறகுதான் தனி இனமாக ஏற்றார்கள். இன்றும் சில குடும்பங்களில் அண்ணன் தன்னை உக்ரைனியன் என்பார், தம்பி ருசின் என்பார்.

அவர்கள் கல்யாணத்தில் கரிச்கா, சார்தாஷ், போல்கா எல்லாமே ஓடும். ப்ரெஷொவ் நகரில் 1956 முதல் இயங்கும் 'புல்ஸ்' என்ற தொழில்முறைக் குழு இந்த இசையை மேடையேற்றுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸகர்பாத்தியாவிலும் சார்தாஷ் ஆடுகிறார்கள். 'இது உக்ரைனா ஸ்லோவாக்கா' என்று இந்த மெட்டுகளைப் பார்த்துக் கேட்டால் பதில் கிடைக்காது.

யூடியூபில் பார்ப்பது அசலா?

பாதிக்கு மேல் மேடைக்காக அமைத்தது. உக்ரைனில் வசில் வெர்ஹோவினெட்ஸ் 1919-இல் நாட்டுப்புற நடனத்தின் இலக்கணத்தை நூலாக்கினார். 1938-இல் ஸ்டாலின் காலக் களையெடுப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். வசில் அவ்ரமென்கோ 1925-இல் கனடா போய், புலம்பெயர்ந்த உக்ரைனியர்களிடம் ஊர் ஊராக நடன வகுப்பு நடத்தினார். பாவ்லோ விர்ஸ்கி 1937-இல் தொடங்கிய குழுதான் இன்றைய ஹொபாக்கின் பிம்பத்தை உருவாக்கியது: பாலே பயிற்சி, முழு ஆர்கெஸ்ட்ரா, வானத்துக்கு எழும் தாவல்கள்.

ஸ்லோவாக்கியாவில் 1948-இல் லூச்னித்சா, 1949-இல் ஸ்லுக் என்ற நடனக் குழுக்கள் தோன்றின. லூச்னித்சாவை அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழிநடத்தியவர் ஷ்டெஃபான் நோசால். இங்கும் மாதிரி சோவியத் மேடைதான். ஆகவே இரண்டு நாட்டு மேடை நடனமும் ஒன்றுபோலத் தெரிவதற்குப் பாதிக் காரணம் மரபு அல்ல, ஒரே காலத்து ஒரே அரசியல் ரசனை. பத்து வயலின் ஒரே மெட்டை ஒரே மாதிரி இழுத்தால் அது ஆர்கெஸ்ட்ரா. ஊர்க் குழுவில் மூன்று பேர்தான் இருப்பார்கள், சுருதியும் சற்று முரடாக இருக்கும். எனக்கு அந்த முரடு பிடிக்கும்.

நேரில் கேட்க எங்கே போகலாம்?

ஸ்லோவாக்கியாவில் கோடைக்காலம்தான் பருவம். தாத்ரா மலையடிவாரத்து வீஹொத்னா ஊரில் 1953 முதல் பெருந்திருவிழா நடக்கிறது. ஃபுயாராவும் இடையர் இசையும் வேண்டுமானால் தெத்வா. சிறு தந்திக் குழு வேண்டுமானால் யானோஷிக் பிறந்த தெர்ஹொவா; மூன்று நான்கு பேர், அதில் இரண்டே தந்தி உள்ள ஒரு குட்டி பாஸ், கூடவே பல குரல் பாட்டு என்ற அந்த ஊர் இசை 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உக்ரைனிய, ருசின் இசைக்கு ஸ்வித்னிக் நகரத் திருவிழா. உக்ரைனியப் பண்பாட்டு அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது.

உக்ரைனுக்கு இப்போது போர் காரணமாகப் பயணம் சுலபமில்லை. வெர்ஹோவினா, கோசிவ், கொலோமியா பகுதிக் கல்யாணப் பதிவுகளை இணையத்தில் தேடுங்கள். மணிக்கணக்கில் நீளும், ஒளிப்பதிவு சுமாராகத்தான் இருக்கும், நடுவே யாராவது கேமராவை மறைத்துக்கொண்டு சாப்பாடு பரிமாறுவார்கள். முழவின் மேலே வெண்கலத் தட்டு இருக்கும் பதிவாகப் பார்த்து எடுங்கள்.